குடியரசும் கஜானாவும் – 11: கவர்னர் விலகிய தை மாதம்

என் பாட்டனார் விட்டுச்சென்ற தேக்குமரப் பெட்டியின் அடியில், மல்லாட்டை மண்டிக் கணக்குப் பேரேடு ஒன்றுக்கும் செல்லரித்த கிரயப் பத்திரங்கள் சிலவற்றுக்கும் நடுவே, மடிப்புக் கலையாத இரண்டு நோட்டுகள் கிடந்தன. ஒன்று ஒரு ரூபாய் நோட்டு. மற்றது இரண்டு ரூபாய் நோட்டு. ஒரு ரூபாய் நோட்டை வெளியிட்டது இந்திய சர்க்கார்; அதில் கையொப்பமிட்டிருப்பவர் நிதி இலாகாவின் காரியதரிசி எச்.எம். பட்டேல், எவருக்கும் எதையும் தருவதாக அதில் வாக்குறுதி ஏதும் இல்லை, ஏனெனில் சட்டத்தின் பார்வையில் அது காகிதமே அன்று, நாணயம். இரண்டு ரூபாய் நோட்டிலோ, ரிசர்வ் வங்கியின் கவர்னர் பெனகல் ராமராவ், இதைக் கொண்டுவருபவருக்கு இரண்டு ரூபாய் தருவதாக வாக்களித்துக் கையெழுத்திட்டிருக்கிறார். அந்த வாக்குக்கு மத்திய சர்க்கார் ஜாமீன் நிற்கிறது. தேரடி வீதியில் கடலைப் பிண்ணாக்கு விற்றவரும், ராஜகோபுர வாசலில் கற்பூரம் வாங்கினவரும் இந்தக் கையெழுத்துகளை ஒருகாலும் ஏறெடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆயினும், சர்க்கார் தன் கையாலேயே பணத்தை வெளியிடுவது, வேறொரு ஸ்தாபனம் வாக்களித்துத் தான் ஜாமீன் நிற்பது என்னும் இரண்டு முறைகளுக்கும் இடையே, பிறந்து ஏழாண்டுகூட நிறையாத நம் குடியரசில் மூண்ட வழக்கு அவ்விரு காகிதங்களிலும் பதிந்து கிடக்கிறது; அவ்வழக்கின் கதையே இப்பகுதி.

சென்ற பகுதியில் அமெரிக்கக் குடியரசின் தொடக்க நாட்களைக் கண்டோம். 1791-ஆம் ஆண்டில் நிதி மந்திரி ஹாமில்டன், ஒரு கோடி டாலர் மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் அரசாங்கம் ஏற்க, எஞ்சியதைத் தனியார் ஏற்கும் தேசிய வங்கி ஒன்றை ஏற்படுத்த முனைந்தபோது, அரசியல் சாசனத்தில் இல்லாத அதிகாரம் இது என்று ஜெபர்ஸன் தடுத்ததும், ஜனாதிபதி வாஷிங்டன் இரு தரப்பு வாதங்களையும் எழுத்தில் வாங்கிப் படித்துவிட்டு மசோதாவில் கையெழுத்திட்டதும், இருபதாண்டுத் தவணை முடிந்தபோது அதைப் புதுப்பிக்கும் பிரேரணை செனட்டில் சரிபாதி வாக்காகி, உபஜனாதிபதியின் ஒற்றை வாக்கால் வீழ்ந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அங்கே வழக்கின் அணிவகுப்பு தெளிவானது: வலுவான மத்திய அரசு வேண்டும் என்றவர்களே வங்கியும் வேண்டும் என்றார்கள், ராஜ்யங்களின் உரிமையைக் காக்க வேண்டும் என்றவர்களே வங்கியை வெறுத்தார்கள். நம் நாட்டில் அந்த அணிவகுப்பு அப்படியே வரவில்லை. வலுவான அரசை விரும்பியவர் கையில் அதிகாரம் வந்து சேர்ந்த பிறகுதான் வங்கியின் குரல் தாழ்ந்தது. இந்த வேற்றுமையைக் கவனியாமல் டில்லியின் சண்டையைப் பிலடெல்பியாவின் சண்டையாக வாசிப்பவர்கள் நம்மவரில் சிலர் உண்டு. அவர்கள் கதையின் பாதியைத் தவற விடுகிறார்கள்.

1946 மே மாதம் பிரிட்டிஷ் மந்திரிசபைத் தூதுகுழு அறிவித்த திட்டத்தில் மத்திய அரசுக்கு ஒதுக்கப்பட்டவை மூன்றே விஷயங்கள்: அயல்நாட்டு உறவு, பாதுகாப்பு, போக்குவரத்துத் தொடர்பு, அவற்றை நடத்துவதற்கு வேண்டிய பணத்தைத் திரட்டும் அதிகாரம் உண்டு என்று ஒரு வரி. நாணயம், வங்கி என்ற சொற்களே அந்தப் பட்டியலில் இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், 1935-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டாக்கியதைக் காட்டிலும் வலுவான மத்திய அரசையே தாம் விரும்புவதாகச் சொன்னார். அவர் சட்ட நிபுணர் என்பதை எல்லோரும் அறிவர். ரூபாயின் பிரச்சினையைப் பற்றி 1923-இல் ஒரு நூல் எழுதி, பின்னர் ஹில்டன் யங் கமிஷன்முன் சாட்சியம் அளித்த நாணய சாஸ்திர நிபுணர் என்பதை அறிந்தவர் சிலரே. அவர் விரும்பியதை அவருடைய வாதம் கொண்டு வரவில்லை. தேசப் பிரிவினை கொண்டு வந்தது. 1947 ஜூன் 3-ஆம் தேதி அறிவிப்புக்குப் பிறகு, மெலிந்த மத்திய அரசை வற்புறுத்துவதற்குச் சபையில் ஆளே இல்லை என்ற நிலை வந்தது.

அப்படி ஆளே இல்லை என்று சொல்வதும் முழு உண்மையாகாது. 1947 ஆகஸ்டு மாதம், சுதந்திர தினத்து மின்விளக்குகளைக்கூட இன்னும் அவிழ்த்திராத வேளையில், ஒன்றிய அதிகாரக் குழுவின் அறிக்கை என். கோபாலசாமி ஐயங்காரால் சபையில் வைக்கப்பட்டபோது, சென்னையிலிருந்து சென்ற கே. சந்தானம் எழுந்து நின்றார். அதிகாரங்களைக் குவித்துக்கொண்டே போவதால் மத்திய அரசு வலுப்பெற்றுவிடும் என்பது ஒரு மயக்கம் என்றும், தாங்கமாட்டாத பொறுப்பை எல்லாம் தலையில் சுமக்கும் அரசு உண்மையில் மெலிந்த அரசே என்றும், வரிகளின் பகுப்பைப் பார்த்தால் மாகாணங்கள் டில்லியின் வாசலில் கையேந்தி நிற்கும்படி ஆகும் என்றும் அவர் வாதித்தார். அவர் கட்சி மாறியவரும் அல்லர், பிரிவினை பேசியவரும் அல்லர், காங்கிரஸ்காரர், பத்திரிகாசிரியர். அன்று கைதட்டல் குறைவாகவே கிடைத்திருக்கும். ஆயினும் அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு அடுத்த முப்பதாண்டுத் தமிழ்நாட்டு அரசியலை விளக்கிவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையைச் சாமானியர் படிப்பதில்லை. படித்தால் அதில் ஒரு வேடிக்கை உண்டு. மத்திய அரசின் பட்டியலில் 36-ஆவது இனம் நாணயம். 38-ஆவது இனம் ரிசர்வ் வங்கி, பெயர் சொல்லியே. 45-ஆவது இனம் வங்கித்தொழில். மாநிலப் பட்டியலுக்குப் போனால் 30-ஆவது இனம், வட்டிக்குக் கொடுத்து வாங்குதலும், வட்டிக்கடைக்காரரும், விவசாயக் கடன் நிவாரணமும். அதாவது, கவர்னர் டில்லிக்கு, கந்துவட்டிக்காரர் சென்னைக்கு. வட ஆர்க்காடு ஜில்லாவில் ஏர் பிடித்தவனுக்கு இவ்விருவரில் யாருடன் பழக்கம் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள மேட்டுநிலங்கள் மல்லாட்டை விளையும் செம்மண் பூமி. மானாவாரியாக ஆடியில் விதைத்து, கார்த்திகை மார்கழியில் செடி பிடுங்குவார்கள். விதைப்பயறுக்கு மண்டிக்காரர் முன்பணம் கொடுப்பார். அறுவடையானதும் மூட்டை அதே மண்டிக்கு வந்தாக வேண்டும். கமிஷன், கூலி, சாக்கு, மகமை என்று கழித்து, வட்டியையும் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் குடியானவன் கையில் வைப்பார்கள். இந்த ஊரில் வட்டி என்றால் மாதக் கணக்குத்தான். 'நூற்றுக்கு ஒரு ரூபாய்' என்றால் தயாள குணமுள்ளவர். 'ஒண்ணரை' என்றால் நடைமுறை. 'ரெண்டு' என்றால் அவசரம். என் பாட்டனாரின் பேரேட்டில் பென்சிலால் ஓரத்தில் எழுதியிருக்கும் எண்கள் எல்லாம் அந்த மூன்றில் ஒன்றுதான். ராஜராஜன் காலத்தில் தஞ்சைப் பெரிய கோயில் பண்டாரத்திலிருந்து ஊர்ச்சபைகளுக்குக் கொடுத்த காசுக்கு ஆண்டொன்றுக்குக் காசில் எட்டில் ஒரு பங்கு வட்டி, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, என்று கல்வெட்டுகள் சொல்கின்றன. தொள்ளாயிரத்து ஐம்பது ஆண்டுகளில் நம் குடியானவனுக்குக் கிடைத்த சகாயம், தயாள குணமுள்ளவர் வாசலுக்குப் போனால், அரை ரூபாய்.

ரிசர்வ் வங்கி 1951-இல் தொடங்கிய கிராமக் கடன் விசாரணை இதையே தேசமளாவிய புள்ளிவிவரமாக நிறுவியது. ஏ.டி. கோர்வாலா தலைமையிலான குழு, 75 ஜில்லாக்களில் விசாரித்து, 1954-இல் அளித்த அறிக்கையின்படி, விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது நூற்றில் மூன்று, சர்க்கார் கொடுத்தது நூற்றில் மூன்று, வணிக வங்கிகள் கொடுத்தது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. எழுபது பங்கு வட்டிக்கடைக்காரர்களுடையது. டில்லியிலும் பம்பாயிலும் அரைச் சதவிகிதத்துக்காக நடந்த யுத்தத்தை நாம் பார்க்கப்போகிறோம். பார்க்கும்போது இந்த எழுபதை மறவாதிருக்கும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன்.

வங்கியின் பிறப்பை இங்கே சுருங்கச் சொன்னால் போதும். 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1935 ஏப்ரல் 1-இல் அது பங்குதாரர்களின் ஸ்தாபனமாகத் தொடங்கியது. ஐந்து கோடி ரூபாய் மூலதனம், நூறு ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்து, பம்பாய், கல்கத்தா, டில்லி, சென்னை, ரங்கூன் என ஐந்து பதிவேடுகளில் விற்கப்பட்டது. சென்னையின் பங்கு எழுபது லட்சம். பணக்காரர் கையில் சிக்காதிருக்க ஐந்து பங்குக்கு ஒரு வாக்கு, எவருக்கும் பத்து வாக்குக்கு மேல் இல்லை என்று விதித்தார்கள். அரசியலின் கை படாமல் வங்கியைக் காப்பது இந்த ஏற்பாட்டின் நோக்கம் என்றார்கள் ஆங்கிலேய ஆட்சியாளர். அந்தக் காப்பு எத்தனை நாள் நின்றது? முதல் கவர்னர் ஆஸ்பர்ன் ஸ்மித்துக்கும் வைசிராயின் நிதி அங்கத்தினர் ஜேம்ஸ் கிரிக்குக்கும் வட்டி விகிதத்திலும் நாணய மாற்று விகிதத்திலும் மனஸ்தாபம் முற்றி, தவணை முடியுமுன்பே ஸ்மித் 1937-இல் விலகினார். ரிசர்வ் வங்கியின் பெயரில் வெளிவந்த ஒரு நோட்டிலும் அவர் கையெழுத்து இல்லை. 1938 ஜனவரியில் வந்த முதல் ஐந்து ரூபாய் நோட்டில் இருப்பது அவருக்குப் பின்வந்த டெய்லரின் கையெழுத்து. ஆகவே, கவர்னரும் நிதி மந்திரியும் முட்டிக்கொள்வது சுயராஜ்யம் கண்டுபிடித்த வியாதி அன்று.

சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரி கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். 1944-இல் பிரெட்டன் உட்ஸ் மகாநாட்டுக்குச் சென்ற இந்தியப் பிரதிநிதிகளில் ஒருவர், ஜஸ்டிஸ் கட்சிக்காரர், காங்கிரஸ் சர்க்காரின் கஜானாவை அவரிடம் ஒப்படைத்தது அக்காலத்துப் பெருந்தன்மைகளில் ஒன்று. 1948 ஆகஸ்டில் அவர் ராஜிநாமா செய்து, ஜான் மத்தாய் அப்பொறுப்பை ஏற்ற இடைவேளையில், செப்டம்பர் மாதம் ரிசர்வ் வங்கியைப் பொது உடைமையாக்கும் சட்டம் நிறைவேறியது. 1949 ஜனவரி 1 முதல் பங்குகள் அனைத்தும் சர்க்காருடையவை. நூறு ரூபாய்ப் பங்கு ஒன்றுக்கு 118 ரூபாய் 10 அணா நஷ்டஈடு. இதில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது விலை அன்று, ஏழாவது பிரிவில் நுழைந்த ஒரு வாசகம். பொதுநலன் கருதி அவசியம் என்று தோன்றும் கட்டளைகளை, கவர்னரைக் கலந்தாலோசித்த பின்னர், மத்திய சர்க்கார் வங்கிக்கு இடலாம் என்பது அதன் சாரம். 'கலந்தாலோசித்த பின்னர்' என்ற இரண்டு சொற்கள் ஒரு ஸ்தாபனத்தின் மானத்தை எவ்வளவு தூரம் காக்கும் என்பதற்கான பரீட்சை எட்டாண்டுகளுக்குள் வந்துவிட்டது.

1950 ஜனவரி 26 அன்று குடியரசு மலர்ந்தது. அந்த மாதங்களில் திருவண்ணாமலையின் கவனம் வேறிடத்தில் இருந்தது. ரமண மகரிஷியின் இடது கையில் தோன்றிய புற்றுக்கட்டிக்கு முந்தைய ஆண்டில் நான்கு முறை சஸ்திர சிகிச்சை நடந்தும் பயனில்லாமல், ஆசிரமத்துக்குத் தரிசனம் நாடி வருவோர் கூட்டம் நாளுக்குநாள் பெருகிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 14 இரவு அவர் மகாநிர்வாணம் எய்தினார். அரசியல் சாசனத்தின் அட்டவணைகளைப் பற்றி இந்த ஊரார் அப்போது பேசிக்கொண்டிருந்தார்கள் என்று எழுதினால் அது பொய்.

பம்பாயில் கவர்னர் நாற்காலியில் 1949 ஜூலை முதல் இருந்தவர் பெனகல் ராமராவ். மங்களூர்க் குடும்பம், சென்னைப் பிரஸிடென்ஸி கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்த ஐ.ஸி.எஸ்.; வாஷிங்டனில் தூதராக இருந்தவர். அவருடைய தமையனார் பி.என். ராவ் அரசியல் நிர்ணய சபையின் சட்ட ஆலோசகர். மற்றொரு சகோதரர் சிவராவ் அதே சபையின் அங்கத்தினர், பத்திரிகையாளர். சாசனத்தின் முதல் நகலை எழுதியவர் ஒரு சகோதரர், அதை விவாதித்தவர் ஒரு சகோதரர், அதன்கீழ்ப் பணத்தை வெளியிட்டவர் ஒரு சகோதரர்! எதிர்த்தரப்பில் நின்ற டி.டி. கிருஷ்ணமாசாரியும் சாசனத்துக்கு அன்னியர் அல்லர். அவரும் நகல் தயாரிக்கும் குழுவின் அங்கத்தினர். அந்தக் குழுவினர் எழுவரில் ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், மற்றவருக்கு வேறு அலுவல், ஆகவே பாரம் முழுவதும் அம்பேத்கர் தலையில் விழுந்தது என்று 1948 நவம்பரில் சபையிலேயே உடைத்துச் சொன்னவர் அவர்தான். சென்னை வியாபாரி, கூர்மையான புத்தி, அதைவிடக் கூர்மையான நாக்கு.

1956 ஜூலையில் பம்பாய் நகரத்தின் பொருட்டு தேஷ்முக் நிதி மந்திரி பதவியை விட்டார். ஆகஸ்டு இறுதியில் கிருஷ்ணமாசாரி அந்த இடத்துக்கு வந்தார். இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அயல்நாட்டுச் செலாவணி கரைந்துகொண்டிருந்தது; விலைவாசி ஏறிக்கொண்டிருந்தது; சூயெஸ் கால்வாய் அடைபட்டுக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்தன. நவம்பர் 30 அன்று அவர் பாராளுமன்றத்தில் வைத்த புதிய வரிகளில், மூலதன லாப வரிதான் பத்திரிகைகளின் கண்ணில் பட்டது. அவற்றோடு ஒதுங்கி நின்ற மற்றொன்று, தவணை உண்டியல்களுக்கான முத்திரைத் தீர்வை உயர்வு.

உண்டியல் என்றவுடன் அண்ணாமலையார் சன்னிதியை நினைக்க வேண்டாம். நான் சொல்வது வியாபாரிகளின் ஹுண்டி. 1952 ஜனவரியில் ரிசர்வ் வங்கி ஒரு திட்டம் கொண்டுவந்தது. அறுவடைக் காலத்தில் பஞ்சும் கடலையும் நெல்லும் ஒரே சமயத்தில் சந்தைக்கு வரும்போது பணத்துக்குத் தட்டுப்பாடு உண்டாகிறது. அப்போது வணிக வங்கிகள், தம்மிடம் கடன் வாங்கிய வியாபாரிகளின் புரோநோட்டுகளைத் தவணை உண்டியல்களாக மாற்றி ரிசர்வ் வங்கியில் வைத்து, மலிவான வட்டியில் பணம் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பணம் பம்பாயில் புறப்பட்டு, சென்னையின் பெரிய வங்கி, எண்ணெய் ஆலை, மொத்த வியாபாரி என்று படியிறங்கி, நம் மண்டிக்கு வந்து சேரும்போது அதன் வட்டி எத்தனை மடங்காகியிருக்கும் என்பதை மேலே சொன்ன பென்சில் எண்களால் அறியலாம். ஆனாலும் ஊற்றுக்கண் அங்கேதான். அந்த ஊற்றின் வாயில் முத்திரைத் தீர்வை என்னும் கல்லைக் கிருஷ்ணமாசாரி வைத்தார். வங்கி விகிதம் எழுத்தில் மூன்றரைச் சதவிகிதமாகவே நின்றது. தீர்வையையும் கூட்டினால், வங்கிகள் கொடுக்க வேண்டியது நான்காகிவிட்டது.

வட்டியை உயர்த்தியது தவறு என்று நான் சொல்லவில்லை. விலையேற்றக் காலத்தில் பணத்தின் விலையும் ஏறுவது நியாயமே. ஆறு மாதங்களுக்குள், 1957 மே மாதத்தில், வங்கி விகிதமே முறைப்படி நான்கு சதவிகிதமாக ஆக்கப்பட்டது. தகராறு எவ்வளவு என்பதில் அன்று, எவருடைய கையால் என்பதில். வட்டி விகிதத்தை அறிவிப்பது சட்டம் வங்கிக்கு ஒப்படைத்த காரியம். அதைச் சர்க்கார் மாற்ற விரும்பினால், கவர்னரைக் கலந்தாலோசித்துக் கட்டளையிட ஏழாவது பிரிவு என்னும் தலைவாசல் திறந்தே இருந்தது. கிருஷ்ணமாசாரி கொல்லைப்புறமாக, வரிச்சட்டத்தின் சந்து வழியே நுழைந்தார். வங்கியின் மத்திய டைரக்டர் சபை டிசம்பரில் கூடி, பணக்கொள்கைக்கு இரண்டு எஜமானர்கள் இருக்க முடியாது என்ற கருத்தில் தன் ஆட்சேபத்தை எழுத்தில் வைத்தது. மந்திரியோ, வங்கியை நிதி இலாகாவின் ஒரு கிளையாகவே மதித்துப் பேசினார். அந்த ஸ்தாபனத்துக்குச் சிந்திக்கும் திறன் உண்டா என்று ஐயுறும் பாவனையில் பாராளுமன்றத்திலும் சில வார்த்தைகள் உதிர்ந்தன. தம்மிடம் மந்திரி மரியாதைக் குறைவாக நடந்துகொண்டார் என்று ராமராவ் பிரதம மந்திரிக்கு எழுதினார்.

நேருவின் பதில் 1957 ஜனவரி 1-ஆம் தேதியிட்டது. அவர் வழக்கம்போல மென்மையாகத் தொடங்கி உறுதியாக முடித்தார். ரிசர்வ் வங்கிக்குத் தன்னாட்சி உண்டு, ஆனால் அது மத்திய சர்க்காரின் கட்டளைகளுக்கும் உட்பட்டது; சர்க்காரின் பலவகை நடவடிக்கைகளில் அதுவும் ஒரு பகுதி; ஆலோசனை சொல்லலாம், ஆனால் சர்க்காரின் நோக்கங்களோடு இசைந்தே நடக்க வேண்டும்; டைரக்டர் சபையின் குறிப்பு கிளர்ச்சி செய்வதுபோல் அமைந்துவிட்டது என்பது அந்தக் கடிதத்தின் கருத்து. திட்டமிட்டு முன்னேற முனையும் ஏழை நாட்டில், தேர்ந்தெடுக்கப்பெற்ற மந்திரி ஒரு திசையிலும் நியமிக்கப்பெற்ற கவர்னர் மறு திசையிலும் இழுக்க இடம் கொடுக்கலாகாது என்று பிரதம மந்திரி எண்ணினார் என்றால், அந்த எண்ணத்தில் ஜனநாயக நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் கட்டளைக்கு முன் கலந்தாலோசனை என்று தன் சபையே எழுதிய சொற்களை அவர் அன்று எடுத்துப் பார்த்திருக்கலாம்.

ராமராவ் ராஜிநாமா செய்து, ஜனவரி 14 அன்று பதவியிலிருந்து விலகினார். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். கவர்னருக்குப் பிறந்தது வெளியேறும் வழி. ஏழரை ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தவர். அதற்கு முன்னும் பின்னும் அத்தனை காலம் கவர்னராக இருந்தவர் எவரும் இல்லை. இடைக்காலத்தில் அந்த இடத்தில் அமர்ந்த கே.ஜி. அம்பேகாவ்ங்கர், நிதி இலாகாவின் காரியதரிசியாக இருந்தபோது ஒரு ரூபாய் நோட்டில் கையெழுத்திட்டவர். கவர்னராக இருந்த ஆறேழு வாரங்களில் ஒரு நோட்டிலும் அவர் கையெழுத்து ஏறவில்லை. அதில் குறிப்பொருள் காண்பது என் போன்றோரின் பலவீனம். அச்சகத்தின் தாமதம் என்பதே சரியான விளக்கமாக இருக்கலாம்.

பம்பாயில் இப்படி ஒரு வலுவான கை வங்கியின் தோளை அழுத்திய அதே மாதங்களில், அந்தக் கையையே கேள்வி கேட்கும் குரல் ஒன்று திருவண்ணாமலைத் தெருக்களில் ஒலித்துக்கொண்டிருந்தது. 1949-இல் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகம், தேர்தலில் நிற்பது என்று 1956 மே மாதம் திருச்சி மாநாட்டில் முடிவு செய்து, 1957-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில்தான் முதன்முறையாக வாக்குக் கேட்டு வந்தது. வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது என்பது அதன் முழக்கம். அதன் மேடைகளில் ஏழாவது பிரிவும் முத்திரைத் தீர்வையும் பேசுபொருளாக இருந்திருக்க நியாயமில்லை. உருக்காலை எங்கே, உரத்தொழிற்சாலை எங்கே, நாம் கட்டிய வரி எங்கே என்பவைதாம் கேள்விகள். ஆனால் 1947-இல் சந்தானம் டில்லி மண்டபத்தில் நிதானமான ஆங்கிலத்தில் எழுப்பிய ஐயத்துக்கும், பத்தாண்டு கழித்து மாடவீதி முனைகளில் அடுக்குமொழித் தமிழில் எழுந்த ஆவேசத்துக்கும் வேர் ஒன்றே: கஜானாவின் சாவி யாரிடம்? தேர்தல் முடிந்தபோது, கழகத்தின் சார்பில் லோக்சபைக்குச் சென்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் நாமக்கல்லில் வென்ற ஈ.வெ.கி. சம்பத்; மற்றவர் திருவண்ணாமலையில் வென்ற இரா. தர்மலிங்கம். மலையடிவாரத்து வாக்காளர்கள் என்ன நினைத்து அப்படி வாக்களித்தார்கள் என்று அறுதியிட்டுச் சொல்லத் துணிய மாட்டேன். விலைவாசியும், சாதிக் கணக்கும், பேச்சாளர்களின் நாவன்மையும், காங்கிரஸின்மேல் சலிப்பும் ஒன்றாகக் கலந்த கஷாயம் அது. மத்திய அரசின் அதிகாரத்தை மறுத்த கட்சியின் முதல் இரு லோக்சபை அங்கத்தினர்களில் ஒருவரை அனுப்பியது இந்தக் கோயில் நகரம் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

வாக்குப்பெட்டிகள் எண்ணி முடித்த கையோடு ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்து சேர்ந்தது. பதினாறு அணா கொண்ட ரூபாய், நூறு பைசாவாக மாறியது. அரசாங்க அட்டவணைப்படி ஓரணாவுக்கு ஆறு நயா பைசா, இரண்டணாவுக்குப் பன்னிரண்டு, மூன்றணாவுக்குப் பத்தொன்பது, நாலணாவுக்கு இருபத்தைந்து. ஓரணாக் கற்பூரத்தை நான்கு தடவை தனித்தனியே வாங்கினால் இருபத்து நான்கு பைசா. ஒரே தடவையில் வாங்கினால் இருபத்தைந்து. கிரிவலம் வருகிறவன் எட்டு லிங்கங்களுக்கும் ஓரணாக் கற்பூரம் தனித்தனியே வாங்கிக்கொண்டே போனால், மொத்தமாக வாங்கிப் புறப்பட்டவனைக் காட்டிலும் இரண்டு பைசா மிச்சம் பிடிப்பான். பணக்கொள்கை என்பதை இந்த ஊர் விரலால் தொட்டறிந்தது அந்தச் சித்திரையில்தான்.

அந்த ஆண்டு செப்டம்பரில் இரண்டாவது நிதிக் கமிஷன், மத்திய அரசின் வரி வருமானத்தில் ராஜ்யங்களுக்கு உரிய பங்கை வகுத்துத் தன் அறிக்கையை அளித்தது. அதன் தலைவர் கே. சந்தானம். மாகாணங்கள் வாசலில் கையேந்தும்படி ஆகும் என்று எச்சரித்தவரையே, ஏந்திய கைகளில் எவ்வளவு இடுவது என்று அளந்து சொல்லும் இடத்தில் சர்க்கார் உட்கார வைத்திருந்தது. அவர் அதைச் சிரத்தையோடு செய்தார்.

மார்ச் 1 முதல் கவர்னர் பொறுப்பை ஏற்றவர் எச்.வி.ஆர். ஐயங்கார். ராமராவ் வாக்களித்த நோட்டுகளும் செல்லாதவை ஆகிவிடவில்லை. கவர்னர் போனாலும் கையெழுத்து நின்றது. மண்டிகளில் கைமாறி, வியர்வையில் நனைந்து, கிழிந்து, பசை ஒட்டி, அவை இன்னும் பல ஆண்டுகள் உலவின. என் பாட்டனார் ஏன் அந்த இரண்டில் ஒவ்வொன்றை எடுத்துவைத்தார் என்று வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. பேரேட்டில் 1957 மாசி மாதத்துக் கடைசிப் பக்கத்தில், வரவுக்கும் செலவுக்கும் சம்பந்தமில்லாமல், 'ரூ. 3' என்று மட்டும் ஒரு வரி இருக்கிறது.

ஒரு ரூபாய் நோட்டில் கையெழுத்திட்ட பட்டேலையும், அவருடைய மந்திரி கிருஷ்ணமாசாரியையும், புதிய கவர்னர் ஐயங்காரையும் ஓராண்டுக்குள் ஒரே விசாரணை மன்றம் எதிர்கொண்டது. பம்பாய்ப் பிரதம நீதிபதி சக்ளா, பகிரங்கமாக, ஒலிபெருக்கி வைத்து நடத்திய அந்த முந்த்ரா விசாரணையை அடுத்த பகுதியில் காண்போம்.

(தொடரும்)